கோழிக்கூண்டில் புகுந்தது யார்? அடையாளம் பார்த்து ஓட்டையை அடைக்கும் வழி

காலையில் கூண்டைத் திறக்கிறீர்கள், கோழி செத்துக் கிடக்கிறது. துடைப்பத்தை எடுக்காதீர்கள். நம் வீடுகளில் முதலில் நடப்பது அதுதான். செத்ததைக் குப்பைமேட்டில் போட்டு, இறகைக் கூட்டித் தள்ளி, தண்ணீர் தெளித்து, "கீரி பூந்துடுச்சு" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். வந்தது யார், எந்த வழியாக வந்தது என்று சொல்லக்கூடிய எல்லாமே அந்தத் துடைப்பத்தோடு போய்விடும். ராத்திரி அதே ஓட்டை வழியாக அதே விலங்கு திரும்ப வரும்.

நானும் அப்படிக் கூட்டியவன்தான். பாலக்கோடு பக்கம் எங்கள் கொல்லையில் தக்காளி, ஓரத்தில் கொஞ்சம் மாமரம், வீட்டுக்குப் பின்னால் இருபத்தைந்து நாட்டுக்கோழி. ஒரே ராத்திரியில் ஒன்பது கோழி போயிற்று. ஒன்றைக்கூடத் தின்னவில்லை, கழுத்தில் கடித்துப் போட்டிருந்தது. கீரிதான் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து சுவரின் அடிப்பக்கம் முழுக்க சிமெண்ட் பூசினேன். மூன்றாம் நாள் ராத்திரி இன்னும் நாலு. பக்கத்துக் கொல்லைப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ராத்திரியில கீரி எங்கனா வருமாடா? அது பகல்ல திரியற ஜீவனாச்சே. மேல பாத்தியா?"

பார்க்கவில்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், சிமெண்ட் ஷீட்டும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு மூலைக்கல் பெயர்ந்து, மடக்கிய என் கை முட்டி தாராளமாக நுழையும் அளவுக்குச் சந்து. சுவர் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி தேய்ந்த கறை. ஷீட் மேல் பழக்கொட்டை கலந்த எச்சம். வந்தது மரநாய். நான் சிமெண்ட் பூசியது தரையில், அது வந்தது கூரை வழியாக.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. ஏதாவது நடந்தால் முதல் அரைமணி நேரம் ஒன்றையும் தொடாமல் சுற்றி வந்து பார்ப்பேன். அடையாளம் கிடைக்காவிட்டால் அன்று சாயங்காலம் கூண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு அடுப்புச் சாம்பலோ சலித்த மண்ணோ தூவி வைப்பேன். காலையில் தடம் பதிந்திருக்கும். நாலு விரல், நகம் பதியாமல் வட்டமாக இருந்தால் பூனைச் சாதி. நாலு விரலோடு நகமும் பதிந்து, தடம் கொஞ்சம் நீளமாக இருந்தால் நாய் அல்லது நரி. ஐந்து விரல் தெரிந்தால் கீரி, மரநாய், புனுகுப்பூனை இவற்றில் ஒன்று. நடுவில் வால் இழுத்த கோடும் இருபக்கமும் கால் தடமும் இருந்தால் உடும்பு. கால் தடமே இல்லாமல் வெறும் இழுவை மட்டும் என்றால் பாம்பு.

இன்னொன்று. செத்த கோழியில் கடி இருக்கிறது, ஆனால் சுற்றிலும் ரத்தமே இல்லை என்றால், அது நோயில் செத்தபின் எலியோ பூனையோ கடித்ததாக இருக்கலாம். வெள்ளைக்கழிச்சல் வந்த கூண்டில் இப்படி ஏமாந்தவர்கள் நிறைய. மற்ற கோழிகளின் எச்சத்தைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ நீர்த்துப் போயிருந்தால் வலைக்கடைக்குப் போவதற்கு முன்னால் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி ஒவ்வொரு அடையாளமாகப் பார்க்கலாம்.

பல கோழி செத்திருக்கிறது, தின்னவில்லை

அடைபட்ட இடத்தில் கோழிகள் படபடத்து ஓடினால், கீரி, மரநாய், புனுகுப்பூனை எல்லாமே அசைகிற ஒவ்வொன்றையும் கடித்துக்கொண்டே போகும். பசிக்கு வேண்டியது ஒன்றுதான், சாவது பத்து. வெறியோ பழிவாங்கலோ கிடையாது. காட்டில் ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை பறந்துவிடும், கூண்டில் பறக்க வழியில்லை, அவ்வளவுதான்.

நேரத்தை வைத்துப் பிரியுங்கள். பகலில் நடந்தால் கீரி. ராத்திரி என்றால் மரநாய் அல்லது புனுகுப்பூனை. மரநாய் ஏறும் விலங்கு. மாமரம், தென்னை, சுவர், கூரை என்று மேலேயே வரும். புனுகுப்பூனை பெரும்பாலும் தரையோடு வரும், சாக்கடைக் குழாய், கல் இடுக்கு எதுவும் அதற்கு வழி. அதனால் கூரையையும் தரையையும் இரண்டையும் பார்க்க வேண்டும்.

சரி செய்வது எப்படி? கூரைச் சந்தில் சாக்கு, துணி, தென்னங்கீற்று எதையும் திணிக்காதீர்கள், பல்லால் இழுத்துப் போட்டுவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷை நீளத் துண்டாக வெட்டி, ஷீட்டின் வளைவுக்குத் தகுந்தபடி மடித்து, சுவரில் ஸ்குரூவும் வாஷரும் போட்டு இறுக்குங்கள். காற்றோட்டம் இருக்கும், விலங்கு நுழையாது. பெயர்ந்த கல் இருந்தால் அதை மட்டும் கலவை வைத்து அடையுங்கள். முழுக்க அடைத்துவிட்டால் சித்திரை வெயிலில் கோழி உள்ளேயே வெந்துவிடும்.

கூரைக்கு மேல் சாய்ந்த கிளை இருந்தால் ஆறடி தள்ளி வெட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கிளையில்தான் நல்ல மாங்காய் காய்க்கும் என்று அம்மா வெட்ட விடவில்லை. அதற்குப் பதிலாக அடிமரத்தில் ஒரு முழ அகலத் தகரத்தைச் சுற்றி ஆணி அடித்தோம். வழுக்குகிற தகரத்தில் நகம் பிடிக்காது. பக்கத்து மரத்திலிருந்து தாவ வழி இல்லாவிட்டால் மட்டுமே இது வேலை செய்யும்.

தலையை மட்டும் காணோம், உடல் வலை ஓரத்தில் கிடக்கிறது

எதுவும் உள்ளே வரவே இல்லை. கோழி வலை ஓரமாக அடைந்திருக்கிறது, வெளியிலிருந்து பூனையோ மரநாயோ வலைக்கண் வழியாகப் பிடித்து இழுத்திருக்கிறது. கண் பெரிதான கோழிவலை போட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அடையும் கட்டையை வலையிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி வையுங்கள். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை அரை அங்குல மெஷ்ஷை இரண்டாவது அடுக்காகக் கட்டுங்கள்.

கோழியே காணோம், இறகு ஒரு பக்கமாகச் சிதறியிருக்கிறது

இறகுகள் ஒரே திசையில் கொல்லைப் பக்கம் போகின்றன என்றால் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. நரி, காட்டுப்பூனை, சில சமயம் தெருநாய். ஒரு இறகை எடுத்துத் தண்டின் அடியைப் பாருங்கள். கடித்து நசுங்கியோ எச்சிலில் ஒட்டியோ இருந்தால் நாலுகால் விலங்கு. அடி சுத்தமாக இருந்து, ஒரே இடத்தில் வட்டமாகக் கொட்டிக்கிடந்தால் பருந்து அல்லது வல்லூறு உட்கார்ந்து பிடுங்கியது.

நாய்க்கும் நரிக்கும் பெரும்பாலும் வழி கீழே. சுவரை ஒட்டிய மண்ணில் புதுத் தோண்டல் தெரியும். இங்கே பலர் செய்யும் தவறு, வலையைத் தரைக்குள் நேராக அரையடி புதைப்பது. அது போதாது, நரி அதற்கும் கீழே போகும். நேராகப் புதைப்பதைவிட, வலையை வெளிப்பக்கமாகப் படுக்க வைப்பது மேல். இரண்டடி அகல மெஷ்ஷை எடுத்து, ஒரு விளிம்பைச் சுவர் அடியில் கட்டுக்கம்பியால் பிணைத்து, மீதியைத் தரையோடு வெளிப்பக்கம் விரித்து, மேலே கல்லை அடுக்குங்கள். தோண்டுகிற விலங்கு சுவரை ஒட்டித்தான் ஆரம்பிக்கும், நகம் வலையில் தட்டும். இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் போட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. ஒரு மழைக்காலம் முடிந்தால் புல் முளைத்து வலையே கண்ணுக்குத் தெரியாது.

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் இருப்பவர்களுக்கு வலைகூட வேண்டாம். கல் அறுக்கும் பட்டறையில் ஒதுக்கிப்போடும் பலகைக்கல் துண்டுகளை வாங்கிவந்து சுற்றிலும் பதித்துவிட்டால் பேரன் காலம் வரைக்கும் நிற்கும். மூலைகளில் மட்டும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்து விடாதீர்கள். தோண்டல் ஆரம்பிப்பது பெரும்பாலும் மூலையில்தான்.

காவிரியை ஒட்டிய அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களுக்கு ஒரு கூடுதல் வார்த்தை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவிரி வன உயிரினச் சரணாலயத்தில் தானியங்கி கேமராவில் தேன்வளைக்கரடி (ஹனி பேட்ஜர், பெயரில்தான் கரடி) பதிவாகியிருக்கிறது. பலமும் மூளையும் ஒன்றாக அமைந்த விலங்கு, முன்னங்கால் நகம் நீளமானது, கெட்டி மண்ணையும் தோண்டும், பலகையையும் பிய்க்கும். சாம்பலில் விரல் தடத்துக்கு வெகு முன்னால் தள்ளி நகக்குறி பதிந்திருந்தால் வெறும் மண் தரையை நம்பாதீர்கள். தரைக்குக் கல்லோ கான்கிரீட்டோ போட்டுவிடுங்கள்.

வலை வளைந்திருக்கிறது அல்லது கதவு பிய்ந்திருக்கிறது

கூட்டமாக வரும் தெருநாய்களால் இது முடியும். ஒன்று முட்டும், இன்னொன்று பல்லால் இழுக்கும். இந்த அடையாளத்துக்குப் பெரும்பாலும் விலங்கின் பலம் காரணமில்லை, நம் கம்பியின் மெலிவுதான் காரணம்.

கம்பி வாங்கும்போது கேஜ் கணக்கில் ஏமாறாதீர்கள். எண் கூடினால் கம்பி மெலியும். 14 கேஜ் சுமார் 2 மில்லிமீட்டர், 20 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி. அறுகோணக் கண்ணுள்ள சாதாரணக் கோழிவலை கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்தது. நாய் உள்ளே வராமல் இருக்க அது ஆகாது. கீழ் மூன்றடிக்கு 14 கேஜ் வெல்டு மெஷ் போடுங்கள், மேலே மெல்லியது போதும். காசு குறைவாக இருந்தால் கூண்டைச் சின்னதாக்குங்கள், கம்பியை மெலிதாக்காதீர்கள்.

வலை கெட்டியாக இருந்தும் பிய்கிறது என்றால், அது சட்டத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள். என் முதல் கூண்டின் கதவை ஒரு பட்டறையில் செய்யச் சொன்னேன். நல்ல மெஷ்தான், ஆனால் சட்டத்தில் ஓரடிக்கு ஒரு புள்ளி மட்டும் வெல்டு வைத்துக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் ஒரு மூலை விட்டது. நாய் கால் வைத்துத் தள்ளியதும் தாள் கிழிகிற மாதிரி வரிசையாகப் பிரிந்தது. இப்போது நானே செய்கிறேன். மர ரீப்பர் சட்டம், அதன் மேல் மெஷ், அதன் மேல் இன்னொரு ரீப்பர், நடுவில் அரையடிக்கு ஒரு ஸ்குரூ. வலையை இரண்டு கட்டைக்கு நடுவே பிடித்துவிட்டால் இழுப்பதற்கு விளிம்பே கிடைக்காது. யூ ஆணி மட்டும் அடித்தால் பச்சை மரம் காய்ந்து சுருங்கும்போது ஆணி தானாகவே வெளியே வரும்.

தடம் மூன்று அங்குல அகலத்துக்குக் குறையாமல், வட்டமாக, நகமில்லாமல் இருந்தால் சிறுத்தையாக இருக்கலாம். தேன்கனிக்கோட்டை, தளி, ஒகேனக்கல் காட்டோரங்களில் இது நடக்காத விஷயம் இல்லை. இதைக் கூண்டு வேலையாக நினைக்காதீர்கள். தடத்தின் பக்கத்தில் தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். அவர்கள் வரும் வரை நாயையும் ஆட்டையும் ராத்திரி வெளியே கட்டாதீர்கள். டார்ச்சும் கம்பும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிற வீரம் வேண்டாம்.

எதுவும் உடையவில்லை, தாழ்ப்பாள் திறந்திருக்கிறது

பகலில் என்றால் குரங்கு. ஒகேனக்கல், தீர்த்தமலை மாதிரி ஆள் நடமாட்டத்தில் வளர்ந்த குரங்குகளுக்குக் கொண்டி, நாதாங்கி எல்லாம் விளையாட்டு. கோழியைத் தொடுவது குறைவு, முட்டைக்குத்தான் வரும். ஒரு அசைவில் திறக்கிற எதுவும் அதனிடம் நிற்காது. தூக்கிவிட்டுப் பிறகு இழுக்க வேண்டிய தாழ்ப்பாளாக வையுங்கள், அதன் துளையில் நாய்ச்சங்கிலியின் ஸ்பிரிங் கொக்கியை மாட்டுங்கள். குச்சி செருகுவது, கயிறு சுற்றுவது எல்லாம் நாலு நாள்தான். நாம் கயிறு அவிழ்ப்பதை அது மரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

ராத்திரியில் திறந்திருந்து, ரத்தமும் இல்லை, இறகும் இல்லை, நல்ல சேவல்கள் மட்டும் போயிருந்தால் அது இரண்டு கால் நரி. பூட்டு போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் உங்கள் சேவலைத் தேடிப் பார்க்கலாம், கிடைத்தவர்கள் குறைவு.

முட்டை காணோம்

ஓடுகூட இல்லாமல் காணாமல் போனால் பாம்பு, உடும்பு அல்லது குரங்கு. முனையில் கடித்த ஓடு கிடந்தால் கீரி. ஓட்டில் கொத்திய ஓட்டை, பகல் நேரம் என்றால் காக்கை. வைக்கோல் நனைந்து, ஒரு கோழியின் அலகில் மஞ்சள் காய்ந்திருந்தால் அந்தக் கோழியேதான். அதற்குக் கிளிஞ்சல் தூள் கொடுத்து, முட்டையிடும் இடத்தை இருட்டாக்கி, முட்டையை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள். நான் பழைய தக்காளி கிரேட்டைக் கவிழ்த்து ஒரு பக்கம் வெட்டி, முன்னால் சாக்குத் திரை தொங்கவிட்டிருக்கிறேன். கோழிக்குப் பிடித்திருக்கிறது.

பாம்பு வருவது பெரும்பாலும் முதலில் எலிக்காகத்தான், முட்டையும் குஞ்சும் அப்புறம். கோழியோ வளர்ந்த குஞ்சோ முழு உடலோடு செத்து, தலையும் கழுத்தும் மட்டும் எச்சிலில் நனைந்து இறகு படிந்திருந்தால், பாம்பு விழுங்கப் பார்த்து, தோள் நுழையாமல் விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பாம்பு இன்னும் உள்ளே இருக்கலாம். கையை விட்டுத் துழாவாதீர்கள், அடைகோழியின் அடியில் முட்டை எடுக்கும்போதும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். நம் கல்லாங்காட்டில் சுருட்டை விரியனும் உண்டு. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பூண்டு கரைசல், ஃபினாயில், நாப்தலின் உருண்டை எதுவும் பாம்பை நிறுத்துவதில்லை. கூண்டைச் சுற்றி ஆறடிக்கு விறகு, ஓடு, கல் குவியல் இல்லாமல் வையுங்கள், கீழ்ப்பகுதிக்கு அரை அங்குலத்துக்கு மேல் கண் வேண்டாம், தீவனத்தை ராத்திரி வெளியே எடுத்துவிடுங்கள். மீன்வலை மாதிரி நைலான் வலையைத் தரையோடு தொங்கவிட்டால் பாம்பு அதில் சிக்கிக்கொள்ளும். காலையில் உயிரோடு ஒரு நல்ல பாம்பை அவிழ்க்க வேண்டிய வேலை உங்களுக்கு வரும்.

பகலில் குஞ்சு ஒவ்வொன்றாகக் குறைகிறது

மேலே பாருங்கள். பருந்து, வல்லூறு, காக்கை. குஞ்சு பொரித்த முதல் மூன்று வாரம் பஞ்சாரத்தை (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) விட்டு வெளியே விடாதீர்கள். பஞ்சாரத்தின் மேல் கனமாக ஏதாவது வையுங்கள். எங்கள் வீட்டில் அரைக்க யாரும் தொடாத ஆட்டுக்கல் குழவிக்கு இப்போது இதுதான் வேலை. மேயும் இடத்தில் பழைய சேலையையோ நைலான் வலையையோ மேலே கட்டினால் பருந்து இறங்காது. ஆமணக்குச் செடி நாலு இருந்தால் குஞ்சு ஓடி ஒளிய இடம் கிடைக்கும். கின்னிக்கோழி இரண்டு வைத்துப் பாருங்கள், புதிதாக எது வந்தாலும் ஊரைக் கூட்டும். தூக்கத்தைத் தியாகம் செய்யத் தயாராக இருக்க வேண்டும்.

ராத்திரியில் குஞ்சு குறைகிறது, மீதியின் காலில் கடி

பெருச்சாளி. மண் தரைக்குள் வளை போட்டு உள்ளேயே ஏறும், குஞ்சைக் காலைப் பிடித்து வளைக்குள் இழுக்கும். தரையைக் கல்லாக்குவதுதான் வழி. எலி மருந்து வைக்காதீர்கள். அந்த எலியைக் கொத்தும் கோழியும், தின்னும் ஆந்தையும் சேர்ந்து போகும். எலிப்பொறி போதும்.

விஷம் பற்றிச் சொன்னதால் கரண்டையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு லைனிலிருந்து கம்பி இழுத்து வேலி போடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கத்தில் பன்றிக்காகத் திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு தாயில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. அந்த இடம் எங்கள் கொல்லையிலிருந்து தூரமில்லை. யானைக்கு நடந்தது ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் ஆளுக்கும் நடக்கும். கீரி, மரநாய், நரி, காட்டுப்பூனை, உடும்பு எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. சுருக்கு வைத்துப் பிடித்தாலும் வழக்குதான். ஒன்றைக் கொன்றாலும், ஓட்டை இருக்கிற வரை அடுத்தது வரும்.

எல்லாம் செய்தாகிவிட்டது, இன்னும் வருகிறது

அமாவாசையை ஒட்டிய ஒரு ராத்திரி, கோழிகளை வேறு இடத்தில் அடைத்துவிட்டு, கூண்டுக்குள் பிரகாசமான பல்பு ஒன்றைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்துங்கள். வெளியே வந்து மெதுவாகச் சுற்றுங்கள். ஒருமுறை நின்று, ஒருமுறை குனிந்து, ஒருமுறை ஏணியில் ஏறி. சுவரும் கூரையும் கதவும் சேருமிடத்தில் வெளிச்சம் எங்கே கசிகிறதோ, அங்கே சாக்கட்டியால் குறி போடுங்கள். கட்டைவிரல் நுழைகிற சந்து எலிக்கு வழி, மூன்று விரல் நுழைந்தால் கீரிக்கு, கை முட்டி நுழைந்தால் மரநாய்க்கு.

போன வாரம் நான் இப்படிச் சுற்றியதில் கூரை, சுவர், மூலை எல்லாம் இருட்டாக இருந்தது. கதவின் கீழே மட்டும் ஒரு கோடு. மழையில் மண் கரைந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விழுந்திருந்தது. பலகைக்கல் துண்டு ஒன்றை வாசல்படியாகப் பதித்து, கதவின் அடியில் ஒரு ரீப்பர் அடித்தேன். இன்றைக்கும் சாம்பல் தூவியிருக்கிறேன், காலையில் பார்க்க வேண்டும்.